மேல் மாடியிலிருந்து யாரும் வரவில்லை

பிப்ரவரி 9

டாக்டர் அவர்களுக்கு,

‘தம்பி’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

போனில் பேசலாமே என்று பாப்பாவிடம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். போனில் பேசினால் நான் கத்துவேன். நீங்கள் “அண்ணி, அண்ணி” என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

புகாரைத் திரும்ப வாங்கச் சொல்கிறீர்கள். வாங்க மாட்டேன்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. “நோயாளியின் நிலை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது. எதிர்பாராத சிக்கல் காரணமாக உயிரிழப்பு நேரிட்டது.” நான் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்துகிறவள். இந்த மூன்று வாக்கியத்திலும் எழுவாயைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். யார் கண்காணித்தது? யார் அளித்தது? ஒரு மனுஷன்கூட உள்ளே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் அண்ணன் போன அன்று நீங்கள் விமானத்தில் இருந்தீர்கள். உங்கள் போன் கிடைக்கவில்லை என்பதற்காக எனக்கு உங்கள்மேல் துளி வருத்தமும் இல்லை. ஆனால் நடந்ததை என்னிடமிருந்து நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இப்போது கேளுங்கள்.

உங்கள் அண்ணனுக்குப் பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு ஆபரேஷன். சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு கிளட்ச்சை எப்படி விடுவது என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் சும்மா இருப்பாரா? திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு அறைக்குள் நுழைந்து அவர் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வராமல் போனது அன்றுதான். கையைப் பிடித்தேன். வேர்த்திருந்தது, ஆனால் ஜில்லென்று இருந்தது. ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார், எப்படியும் படுக்க முடியவில்லை. “என்னமோ சரியில்ல. என்னன்னு சொல்லத் தெரியல” என்றார்.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். முகம் மாறியது. போனுக்கு ஓடினாள். திரும்பி வந்து, “காஸ் புடிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றார், மருந்து குடுக்கச் சொன்னார்” என்றாள். கொடுத்தாள். அவளே திருப்தியில்லாமல் இன்னொரு தடவை போனுக்குப் போனாள். நான் வராந்தாவுக்கு வந்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரை மறித்தேன். “இவர் இவரா இல்லைங்க. எனக்குத் தெரியும். வந்து ஒரு தடவை பாருங்க.” அவர் நின்றுகூடக் கேட்கவில்லை. “ஆபரேஷன் பண்ணினா அப்படித்தாம்மா இருக்கும். நீங்க டென்ஷனாகி அவரையும் டென்ஷன் பண்ணாதீங்க.”

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் அண்ணனின் கண் மேலே போய்விட்டது. அப்புறம் வந்தார்கள் பாருங்கள், பத்துப் பேர்! தள்ளுவண்டியும் மிஷினுமாக. அதுவரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு இடம் விடாமல் திரையை இழுத்து மூடினார்கள்.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று, வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் “ஆயிரத்தில் ஒருத்தருக்கு இப்படி ஆகும்” என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதைக் கேட்டுத்தான் உங்களை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். அதற்காக நான் இன்னும் வருந்தவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 16

அண்ணிக்கு,

‘டாக்டர் அவர்களுக்கு.’ இதைப் படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் ஒரு நாள் மடித்து வைத்துவிட்டேன். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அன்றிலிருந்து ‘டேய்’, ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். திட்டுவதாக இருந்தால் அப்படியே திட்டியிருக்கலாம். மரியாதை கொடுத்து அடிக்காதீர்கள்.

எனக்கும் அண்ணன் போய்விட்டார். என்னைப் படிக்க வைத்தவர் அவர். இதை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருப்பது வேதனையாக இருக்கிறது.

மருத்துவமாகச் சொல்கிறேன். பித்தப்பையை எடுத்த இடத்தில் உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்திருக்கிறது. கொஞ்சம் ரத்தம் போனால் உடம்பு சமாளித்துக் காட்டும். இதயம் வேகமாக ஓடும், மூச்சு கூடும், ரத்த அழுத்தம் மட்டும் கடைசிவரை நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். பிறகு ஒரேயடியாகச் சரியும். கண்டுபிடிப்பது சுலபம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உங்கள் புகாரை எடுத்துக்கொண்டு நிர்வாகம் அந்த வார்டு நர்ஸை சஸ்பெண்ட் செய்துவிட்டது. பதினொரு மணிக்கு எடுக்க வேண்டிய நாடியை அவள் குறிக்கவில்லையாம். நீங்கள் எவ்வளவு தூரம் போனாலும் இது அவள் தலையில்தான் விடியும். எங்கள் தலைமை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறாரே, நாங்கள் ‘பெரியவர்’ என்று சொல்வோமே, அவர் பக்கம் ஒரு தூசிகூடப் போகாது. அதனால்தான் திரும்ப வாங்குங்கள் என்றேன். ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற அல்ல.

பாப்பாவுக்குப் பரீட்சை எப்போது?

தம்பி

*

பிப்ரவரி 27

டாக்டர் அவர்களுக்கு,

அந்தப் பெண்ணையா? அங்கே இருந்த அத்தனை பேரிலும் ஓடியது அவள் ஒருத்திதான். அவளையா தூக்கினார்கள்? ஓடாதவர்களெல்லாம் வேலையில் இருக்கிறார்களா?

உங்கள் கடிதம் வந்த அன்றே கிளம்பியிருப்பேன். முகவரி கிடைக்க நாளாகிவிட்டது. ஒரு மாடிக் குடியிருப்பில் பின்பக்கம் வீடு. கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். தோளில் துவைத்த துணி. நான் அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

“சண்டை போட வரலம்மா. உக்காரலாமா?” என்றேன்.

உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

“மூணு தடவை கூப்பிட்டேன் மேடம். முதல் தடவை காஸ்னு சொன்னார். ரெண்டாவது தடவை ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன், முடிச்சுட்டு வர்றேன்னார். மூணாவது தடவை பண்ணினப்போ வேற யாரோ எடுத்து, ‘என்ன, நீயே டாக்டர்னு நெனப்பா’ன்னு கேட்டு வச்சுட்டாங்க.”

“நாடியைக் குறிக்கலையாமே?”

“குறிக்கிற நேரத்துல நான் போன்ல இருந்தேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் வெட்கப்பட்டு நிறுத்தினோம்.

மேலே நேராக ஓடியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்த வார்டுக்குத் தலைக்குமேல்தானே தீவிர சிகிச்சைப் பிரிவு? அன்று அங்கே படுக்கைகூடக் காலியாக இருந்ததாமே?

“நர்ஸ் கூப்பிட்டா அவங்க வரக்கூடாது மேடம். அதான் முறை. ஜூனியர் டாக்டர் பார்க்கணும். அவர் பெரியவர்கிட்டச் சொல்லணும். பெரியவர் சரின்னா ஜூனியர் மேல் மாடிக்குப் போன் பண்ணுவார். அதுக்கப்புறம்தான் வருவாங்க.”

“ஜூனியர் ஏன் பெரியவரைக் கூப்பிடல?”

“முந்தின வாரம் லீவு நாள்ல இன்னொரு ஜூனியர் கூப்பிட்டாராம். மறுநாள் எல்லார் முன்னாடியும் அவரை நிக்க வச்சு, ‘இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவியா, படிச்சுட்டுத்தான் வந்தியா’ன்னு கேட்டிருக்கார். யாருக்கு மேடம் தைரியம் வரும்?”

கேட்டீர்களா? கண்டுபிடிப்பது சுலபம் இல்லை என்று எனக்குப் பாடம் எழுதி அனுப்பினீர்களே. இதயம் வேகமாக ஓடும், மூச்சு கூடும் என்றீர்கள். ஓடியது. கூடியது. அதை ஒருத்தி கண்டுபிடித்தாள். இன்னொருத்தி, அவர் மனைவி, எந்த மருத்துவப் படிப்பும் இல்லாமல் கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் சொன்னோம். கண்டுபிடிக்க ஆள் இருந்தது டாக்டர், வருவதற்குத்தான் ஆள் இல்லை. மேலே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முறை வைத்திருக்கிறீர்கள். இந்த முறையை உட்கார்ந்து யோசித்து எழுதியவர் யார்? அவருக்கு வீடு, குடும்பம் எல்லாம் உண்டா?

புகாரில் ஒரு பக்கம் சேர்த்து இன்று அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவளைத் தண்டித்தால் நான் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்காருவேன் என்று எழுதியிருக்கிறேன். உட்காருவேன்.

நீங்கள் அங்கேதானே மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அண்ணனுக்கு முன்னால் இப்படி எத்தனை பேர் என்று கேட்டுச் சொல்லுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். தெரிந்துகொள்கிறேன்.

பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. சித்தப்பா கேட்டார் என்று சொன்னேன். ‘ம்’ என்றாள்.

அண்ணி

*

மார்ச் 22

அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பயம் இல்லை, வேலை. பிறகு, உண்மையைச் சொன்னால், பயமும்தான்.

இறந்தவர்களைப் பற்றி எங்களுக்கு மாதாமாதம் ஒரு கூட்டம் உண்டு. பெரிய மேஜை, பிஸ்கட், தலைமை பெரியவர். ஒரு மரணத்தை வாசிப்பார்கள். வயது என்ன, என்ன நோய், எதனால் இறந்தார், சரி அடுத்தது. டீ ஆறுவதற்குள் ஒரு வார்டே முடிந்துவிடும். அண்ணனுடையதும் அப்படித்தான் வந்தது. “அறுவைக்குப் பிந்தைய ரத்தக் கசிவு. தெரிந்த சிக்கல். அடுத்தது.”

நான் கையைத் தூக்கினேன். “சார், அவர் எதனால செத்தார்னு வாசிச்சிட்டீங்க. எதனால காப்பாத்தப்படலன்னு யாரும் கேக்கலையே.”

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. சொந்த அண்ணன். கொஞ்ச நாள் இந்தக் கூட்டத்துக்கு வராம ஓய்வெடுங்க” என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். நான் என்னவோ உளறிவிட்டது மாதிரி.

வெளியே வந்தேன். படிக்கட்டில் பின்னாலேயே செருப்புச் சத்தம். மேட்ரன். அவரை உங்களுக்குத் தெரியாது. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி, சிரித்து நான் பார்த்ததில்லை.

“சார், அந்தக் கேள்வியை நான் ரொம்ப வருஷமா மனசுக்குள்ள கேட்டுட்டு இருக்கேன். உங்களுக்குப் பேப்பர் வேணும்னா நான் எடுத்துத் தர்றேன். நானும் உக்காந்து படிக்கிறேன்” என்றார்.

படித்தோம். சென்ற வருஷம் சாதாரண வார்டுகளில் இறந்தவர்கள் எல்லோருடையதையும். சாயங்காலங்களில், அவருடைய அறையில். உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதில் பாதிப் பேரை யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. முற்றிய நோய், தளர்ந்த வயது. அவர்களுக்கு நல்லபடியாக விடை கொடுத்தோமா என்பது வேறு கேள்வி. ஆனால் மீதிப் பேர்...

அண்ணி, ஒரே கதையை ஆள் மாற்றி ஆள் மாற்றி எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. முதலில் மூச்சு கூடுகிறது. யாரோ கவனிக்கிறார்கள். ‘டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது’ என்று இருக்கிறது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் ‘தெரிவிக்கப்பட்டது’. பிறகு இதயம் நிற்கிறது, எல்லோரும் ஓடி வருகிறோம். நானும் ஓடி வந்திருக்கிறேன், மூச்சுக்குழாய் போட. அதற்கு முன் பல மணி நேரம் அந்த மனிதர் படுக்கையில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பிரசவமான பெண். நிமோனியா வந்த ஒரு தபால்காரர். கால் எலும்பு முறிந்து வந்த ஒரு லாரி டிரைவர், காலால் வந்தவர், மூச்சால் போனார். லீவு நாட்களில் அதிகம். “அந்த லாரி டிரைவர் ஞாபகம் இருக்கு. அவர் வீட்டம்மா என் கையைப் புடிச்சுக் கெஞ்சினாங்க” என்றார் மேட்ரன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம்.

ஆயிரத்தில் ஒருவர் என்று வாசலில் நின்று சொன்னேனே, அது தப்பு. அண்ணன் வரிசையில் ஒருவர்.

எனக்கு இப்போது கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த ஜூனியர் இரண்டு வார்டு, ஒரு தியேட்டர், அவசரப் பிரிவு எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன்மேல் கோபப்பட முடியவில்லை. உங்களால் முடிகிறதா?

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

யார்மேல் கோபப்படுவது என்று என்னைக் கேட்கிறாயா? நான் சொல்கிறேன். அந்த மேஜையின்மேல் கோபப்படு. அந்த பிஸ்கட்டின்மேல். ‘அடுத்தது’ என்ற வார்த்தையின்மேல். அந்த ஜூனியரை நான் மன்னிக்கவில்லை, ஆனால் அவனைத் தூக்கில் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் இடத்தில் இன்னொருவன் பயந்துகொண்டு நிற்பான்.

ஆமாம், ‘நீ’ என்று எழுதிவிட்டேன். கவனித்தேன். அடித்துத் திருத்தவில்லை, விட்டுவிட்டேன். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை பாப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். அந்தப் பிரசவமான பெண் இருக்கும் இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: “அம்மா, நர்ஸ் கூப்பிட்டா வரமாட்டாங்க, டாக்டர் கூப்பிடப் பயப்படுறார். நாம கூப்பிட்டா என்ன?”

நாம் கூப்பிட்டால் என்ன? சொல். எனக்கு உன் பெரியவரிடம் பயம் உண்டா? எனக்குச் சம்பளம் அவரா கொடுக்கிறார்? அன்று என் கையில் ஒரு போன் நம்பர் இருந்திருந்தால், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற மாதிரி நான் கூப்பிட்டிருப்பேன். வீடு தீப்பிடித்தால் யாரிடமாவது அனுமதி கேட்டுக்கொண்டா கூப்பிடுகிறோம்? ஒரு மனுஷன் எப்படிப் பேசுவான், எப்படி மூச்சு விடுவான், எப்போது வாயை மூடுவான் என்பதெல்லாம் கூட இருப்பவர்களுக்குத்தானே தெரியும்? அந்த அறிவை ‘டென்ஷன் பண்ணாதீங்க’ என்று துடைத்துப் போட்டார்களே, அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை மாட்டச் சொல். நர்ஸுக்கும் அதே நம்பர், வீட்டு ஆளுக்கும் அதே நம்பர், நேராக மேல் மாடிக்கு. வாசகம் நான் எழுதித் தருகிறேன். உங்கள் ஆட்களிடம் விட்டால் ‘நோயாளியின் நிலையில் மாற்றம் உணரப்படும் பட்சத்தில்’ என்று ஆரம்பித்து, படித்து முடிப்பதற்குள் நோயாளி போய்விடுவார். இப்படிப் போடு:

‘உங்கள் ஆள் வழக்கம்போல் இல்லையா? உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? இந்த நம்பரைக் கூப்பிடுங்கள். யாரையும் கேட்க வேண்டாம். நாங்கள் வருவோம். ஒன்றும் இல்லை என்று ஆனாலும் யாரும் திட்ட மாட்டோம்.’

ஒரு எழுத்தை மாற்றினாலும் நான் வருவேன்.

அண்ணி

*

மே 11

அண்ணிக்கு,

மாற்றப் பார்த்தார்கள். ‘திட்ட மாட்டோம்’ என்பது ஆஸ்பத்திரியின் கௌரவத்துக்குக் குறைவாம். அப்படியென்றால் இங்கே யாரும் திட்டியதில்லையா என்று மேட்ரன் கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் புகாருக்கு ஒரு விசாரணைக் கூட்டம் வைத்தே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது. நான் படித்தவற்றைத் தொகுத்துக் கொண்டுபோனேன். பெரியவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “நம்பரைக் குடுத்துட்டா நாளைக்குக் கொசு கடிச்சதுக்கெல்லாம் போன் பண்ணுவாங்க.”

“பண்ணட்டும் சார். நாலு தடவை படி இறங்கி ஏறினா நமக்குத் தொப்பை குறையும்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அப்போதுதான் மேட்ரன் எழுந்தார். எழுந்து பேசுவது அங்கே வழக்கம் இல்லை. “என் பொண்ணுங்க சாவைப் பாத்துப் பழகினவங்கதான். ஆனா சாகப் போறார்னு தெரிஞ்சும் போனைப் பாத்துட்டு நிக்கிறதுக்கு அவங்களால பழக முடியல. இந்த வருஷம் மட்டும் நல்லா வேலை செய்யற ஏழு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க. ஏன்னு இந்த ரூம்ல ஒருத்தராவது கேட்டீங்களா?”

பெரியவர் சரி என்று சொல்லவில்லை. நிர்வாக அதிகாரிதான், நீங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்று பயந்தோ என்னவோ, ஒரே ஒரு வார்டில் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று முடித்தார். அண்ணன் இருந்த வார்டு.

நர்ஸ் மேலிருந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். நானே போய்ச் சொன்னேன். அவள் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், திரும்ப வரமாட்டேன் என்றுவிட்டாள். “அங்க என்ன கூப்பிட்டா வர்றாங்களா?” என்று கேட்டேன். “இல்ல சார். ஆனா அங்க என் வார்டுல இன்னும் யாரும் சாகல” என்றாள்.

அட்டை மாட்டி மூன்று வாரம். முதல் அழைப்பு ஒரு அம்மாவிடமிருந்து: எப்போதும் குறட்டை விடுகிற கணவர் இன்று விடவில்லை, உடனே வாங்க. மூன்று பேர் ஓடினோம். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சத்தத்தில் முழித்து எங்களைத்தான் திட்டினார். நாங்கள் திட்டவில்லை. வாக்கு வாக்குதானே. பெரியவர் காதுக்கு இது போய், இரண்டு நாள் அதுவே பேச்சு.

நர்ஸ்கள் கூப்பிட்டவை வேறு மாதிரி. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது இருக்கிறது. மருந்தை மாற்றினால் போதும் என்ற அளவில். ஒருவரை மேலே கொண்டுபோனோம், நான்கு நாளில் இறங்கி நடந்து போனார். போகும்போது ஆஸ்பத்திரி டீ மட்டமாக இருக்கிறது என்று புகார் சொல்லிவிட்டுப் போனார். தனக்கு என்ன நடக்க இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

நிர்வாகம் உங்களை நேரில் அழைத்து வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. வருவீர்களா? வர வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கட்டடத்துக்குள் மறுபடி நுழைவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

தம்பி

*

ஜூன் 3

தம்பிக்கு,

நேற்று வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. நீ தியேட்டரில் இருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று வைத்திருந்தேன்.

நிர்வாக அதிகாரி நல்ல நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். என்ன படித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாதியில் வெளியே ஓடுகிற சத்தம் கேட்டது. பல கால்கள். நான் எழுந்துவிட்டேன். “மேடம், இன்னும் முடியல” என்றார். “படிச்சிட்டு இருங்க, வர்றேன்” என்று வெளியே வந்துவிட்டேன்.

அந்த வார்டுதான். மூன்று பேர் படி இறங்கி உள்ளே போனதைப் பார்த்தேன். வராந்தாவில் ஒரு ஆள், கையில் பிளாஸ்க், முகம் வெளிறிப்போய். மனைவிக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருந்ததாம்.

“நான்தாங்க கூப்பிட்டேன்” என்று என்னிடம் சொன்னார், தப்புச் செய்துவிட்ட மாதிரி. “காலையிலேர்ந்து என்னைப் பாத்து எரிஞ்சு விழவே இல்ல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணும் இல்லேன்னா திட்டுவாங்களா?”

“திட்டினா நான் இருக்கேன்” என்றேன். எனக்கு அங்கே என்ன அதிகாரம் என்று அவரும் கேட்கவில்லை.

திரை மூடவில்லை, தம்பி. அதைப் பார்த்தேன். ஒரு டாக்டர் வெளியே வந்து அவரிடம் நின்று பேசினார். உள்ளே கிருமி பரவ ஆரம்பித்திருக்கிறது, மேலே கொண்டுபோகிறோம், நல்ல வேளை கூப்பிட்டீர்கள் என்றார். கட்டிலோடு லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அந்த நேரத்தில்தான் படிப் பக்கமிருந்து உன் பெரியவர் வந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார், மூச்சு இரைத்தது. இந்தத் தடவை யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். யார் என்று தெரிந்துவிட்டது. நேராக மேலே போனார்.

நான் போகவில்லை. அந்த மனுஷரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்துப் பெரியவரே இறங்கி வந்து அவரிடம், “பொழச்சுக்குவாங்க” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துதான் இருந்தது.

“அன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்காக என்னை யாரும் கூப்பிடலம்மா.”

“கூப்பிட முடியாதபடி நீங்கதான் வச்சிருந்தீங்க, டாக்டர்.”

கத்தவில்லை. கத்த வேண்டும் என்று எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பேன்! வந்தது இவ்வளவுதான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகர்ந்து போகவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பிளாஸ்க்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஏன் எனக்கு நன்றி சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அப்போது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, தம்பி. பொறாமை. நெஞ்சு எரிகிற மாதிரி பொறாமை. அவர் பெண்டாட்டி நாளைக்கு எழுந்து அவர்மேல் எரிந்து விழுவாள். இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும், “இப்பக் கோபம் கொறஞ்சுதாம்மா?” என்று பாப்பா கேட்டாள். கூடியிருக்கிறது. நேற்று அவர்கள் செய்ததில் புது மருந்து உண்டா? புது மிஷின் உண்டா? அதே மாடி, அதே படி, அதே ஆட்கள். இந்த அறிவு அன்றே அவர்களிடம் இருந்தது. ஒரு நம்பரைச் சுவரில் ஒட்டுவதற்கு உன் அண்ணன் சாக வேண்டியிருந்ததா? அவருக்கு முன்னால் அந்தத் தபால்காரர், அந்தப் பிரசவமான பெண்? ஒரு சாவு போதாதா உங்களுக்கு? வரிசையாக வேண்டுமா?

வெளியே வரும்போது மற்ற வார்டுகளையும் எட்டிப் பார்த்தேன். பிரசவ வார்டு, எலும்பு வார்டு, முதியவர்கள் படுத்திருக்கும் அந்த நீளமான ஹால். சுவரெல்லாம் வெறுமையாக இருக்கிறது. ஒரு அட்டையும் இல்லை. சோதனை முடியட்டும் என்று சொல்வீர்கள். அதுவரை அங்கே படுத்திருப்பவர்கள் மூச்சு வாங்காமல் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

அந்தக் கூட்டம் அடுத்து எப்போது என்று எழுது. எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல். பிஸ்கட் வேண்டாம்.

உன் அண்ணி